பீன்யா பட்டறையில் ஒரு மணி நேர உழைப்பின் மதிப்பை உயர்த்தும் வழி

ஒரு நாட்டின் மொத்த வருமானம் இரண்டு வழிகளில்தான் வளர முடியும். கூடுதலானவர்கள் கூடுதல் நேரம் உழைப்பது ஒன்று. உழைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் முன்பைவிட அதிக மதிப்பை ஈட்டுவது மற்றொன்று. இரண்டாவதையே உற்பத்தித்திறன் வளர்ச்சி என்கிறோம். அமெரிக்காவில் 1909 முதல் 1949 வரை ஒரு மணி நேர உழைப்பின் விளைவு ஏறத்தாழ இரு மடங்கானதையும், அந்த உயர்வில் எட்டில் ஏழு பங்கு கூடுதல் மூலதனத்தால் அல்லாமல் தொழில்நுட்பமும் செய்முறையும் மேம்பட்டதால் வந்ததையும் பொருளியலாளர் ராபர்ட் சோலோ 1957-இல் கணக்கிட்டுக் காட்டினார். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் ஐந்தாறு இயந்திரங்களுடன் பட்டறை நடத்தும் நம் தமிழ் உரிமையாளர்களுக்கு இது மிகவும் வேண்டிய செய்தி என்று நான் கருதுகிறேன். புதிய இயந்திரம் வாங்கப் பணம் இல்லாதவராலும் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் உங்கள் பட்டறையின் எண்ணைக் கண்டுபிடியுங்கள். ஒரு மாத விற்பனையிலிருந்து ஜி.எஸ்.டி.யை நீக்கிவிட்டு, வெளியிலிருந்து வாங்கிய இரும்பு, இன்செர்ட் (வெட்டும் டூலில் பொருத்தும் முனை), கூலன்ட் (வெட்டும்போது குளிர்விக்கும் திரவம்), மின்சாரம், வெளியே கொடுத்துச் செய்த முலாம் பூச்சு போன்றவற்றின் செலவைக் கழித்தால் எஞ்சுவது கூட்டு மதிப்பு. சம்பளம், கடன் வட்டி, தேய்மானம், லாபம் ஆகிய அனைத்தும் இதிலிருந்தே வர வேண்டும். அதை அந்த மாதம் எல்லோரும் உழைத்த மொத்த மணி நேரத்தால் வகுக்க வேண்டும். உரிமையாளரும் அவர் குடும்பத்தினரும் உழைத்த நேரத்தையும் விடாமல் சேர்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக, விற்பனை 12 லட்சம் ரூபாய், வெளிச்செலவு 7.5 லட்சம், ஒன்பது பேர் தலைக்கு 200 மணி நேரம் உழைத்தார்கள் என்று வைத்துக்கொண்டால், 4.5 லட்சத்தை 1,800-ஆல் வகுக்க 250 ரூபாய் வரும்.

விற்பனையை மட்டும் வைத்து இந்தக் கணக்கைப் போடக் கூடாது. வாடிக்கையாளரே இரும்பைக் கொடுத்து, செய்கூலியான லேபர் சார்ஜ் மட்டும் தரும் மாதத்தில் விற்பனை சிறுத்துத் தெரியும். நீங்களே இரும்பு வாங்கிச் செய்யும் மாதத்தில் பெருத்துத் தெரியும். ஆனால் இரண்டிலும் பட்டறை செய்த வேலை ஒன்றாகவே இருக்கலாம். அதேபோல், விலையை ஏற்றியதால் மட்டும் எண் கூடினால் அது உற்பத்தித்திறன் வளர்ச்சி ஆகாது. நாட்டுக் கணக்கில் நிலையான விலை, அதாவது ஓர் அடிப்படை ஆண்டின் விலையிலேயே கணக்கிடுவது, என்ற ஏற்பாடு இருப்பது இதற்காகத்தான்.

அடுத்து, ஒவ்வோர் இயந்திரத்தின் பக்கத்திலும் ஒரு நோட்டைத் தொங்கவிட்டு, அது எப்போது நின்றது, எதனால் நின்றது என்பதை ஆபரேட்டரையே இரண்டு வாரம் எழுதச் சொல்லுங்கள். ஆளைக் குறை சொல்வதற்காக அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்; இல்லையேல் உண்மையான நேரம் நோட்டில் ஏறாது. மின்தடை, டூல் உடைதல், இரும்பு வராமை, ரீவொர்க் (பிழையானதைத் திரும்பச் செய்வது) எல்லாம் அதில் வரும். ஆனாலும் பல வகை ஜாப்களைச் சிறு எண்ணிக்கையில் செய்யும் பட்டறைகளில், ஒரு ஜாபிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் செட்டிங் நேரமே பெரும்பாலும் முதலிடத்தில் நிற்கும்.

செட்டிங்கைக் குறைக்கும் முறையை வகுத்தவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ. 1969-இல் டொயோட்டாவின் 1,000 டன் பிரஸ் ஒன்றில் டை (உலோகத்துக்கு வடிவம் தரும் அச்சு) மாற்றுவதற்கு நான்கு மணி நேரம் பிடித்து வந்தது. அது முதலில் ஒன்றரை மணி நேரமாகவும், பிறகு மூன்று நிமிடமாகவும் குறைந்தது. இயந்திரம் நின்றால்தான் செய்யக்கூடிய வேலை எது, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய வேலை எது என்று பிரிப்பதே அவருடைய முறையின் அடிப்படை. கணினி புரோகிராமில் இயங்கும் கடைசல் இயந்திரமான சி.என்.சி. லேத் ஒன்றை எடுத்துக்கொண்டால், அடுத்த ஜாபின் டிராயிங், டூல், இன்செர்ட், அளவுக் கருவிகள், பொருளைப் பிடிக்கும் சாஃப்ட் ஜா ஆகியவற்றை ஒரு டிராலியில் முன்கூட்டியே எடுத்து வைப்பதும் புரோகிராமைச் சரிபார்ப்பதும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. இயந்திரத்தை நிறுத்திவிட்டு திருகு முடுக்கும் ஆலன் கீயைத் தேடும் நிமிடங்கள் எவ்வளவு மதிப்புள்ளவை என்பதை நோட்டே காட்டிவிடும். தருமபுரிக்காரரும் ஒடிசாக்காரரும் பீகார்க்காரரும் ஒரே ஷிப்டில் நிற்கும் இடத்தில் செட்டிங் விவரத்தை எழுத்தாக மட்டும் வைத்தால் பயனில்லை. டூல் அமைப்பை அலைபேசியில் படமெடுத்து, அச்சிட்டு ஒட்டுங்கள்.

நாளுக்கு இரண்டு செட்டிங், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் என்றிருப்பது அரை மணி நேரமாகக் குறைந்தால், 25 வேலை நாளில் 50 மணி நேரம் மிச்சமாகும். வாடிக்கையாளரிடம் வாங்கும் இயந்திரக் கட்டணம் மணிக்கு 500 ரூபாய் என்று கொண்டால் 25,000 ரூபாய்க்கு வேலை ஓடும். இன்செர்ட்டுக்கும் மின்சாரத்துக்கும் 5,000 போனாலும், முன்பு சொன்ன 250 ரூபாய் ஏறக்குறைய 261 ஆகிவிடும். ஆனால் மிச்சமான அந்த 50 மணி நேரத்தை நிரப்ப ஆர்டர் இருந்தால்தான் இந்த உயர்வு கிடைக்கும். ஆகவே செட்டிங் குறைந்ததும், குறைந்த எண்ணிக்கை என்று முன்பு திருப்பி அனுப்பிய ஆர்டர்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஓவர்டைமை இதற்கு மாற்றாக நினைக்க வேண்டாம். சட்டப்படி இரு மடங்கு ஊதியம் கொடுத்து, களைத்த கைகளிடமிருந்து வாங்கும் அந்த நேரத்தில் ரிஜெக்ஷன், அதாவது தரமில்லாமல் தள்ளப்படும் பொருள்தான் கூடும். வகுக்கும் எண்ணான மொத்த மணி நேரமும் சேர்ந்தே ஏறுவதால் மணிக்கான மதிப்பு உயராது. உயர்ந்த மதிப்பில் ஒரு பங்கை ஆபரேட்டர்களுக்கு வெளிப்படையாகக் கொடுப்பதுதான் நியாயம். அவர்கள் கையால் வந்த உயர்வு அது.

வெளியுதவி வேண்டுமென்றால், 2023 மார்ச்சில் தொடங்கிய, குறு, சிறு, நடுத்தரத் தொழில்களில் வீணாவதைக் குறைப்பதற்கான எம்.எஸ்.எம்.இ. லீன் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். ஆலோசனைக் கட்டணத்தில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கிறது. ஆபரேட்டர் பயிற்சிக்கு ராஜாஜிநகரில் உள்ள அரசு டூல் ரூம் பயிற்சி மையம் பக்கத்திலேயே இருக்கிறது.

புதிய இயந்திரத்துக்குக் கடன் எடுக்கும் எண்ணம் இருந்தால், மூன்று மாதம் கழித்து அதே நோட்டைத் திரும்ப எழுதச் சொல்லிப் பாருங்கள். நிற்கும் நேரம் வற்றி, உலோகத்தை வெட்டும் நேரமே இயந்திரத்தின் நாளை நிரப்பியிருந்தால் வங்கிக்குப் போகலாம்.