ஹாஸ்டல் லேப்டாப்பில் விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாறுவது எப்படி?

விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டன. கல்லூரி வளாகத்தில் இதை அலட்சியமாக விடக்கூடாது. ஒரே வைஃபையில் நூற்றுக்கணக்கான லேப்டாப்கள் இருக்கும், ஜெராக்ஸ் கடைக்கும் லேபுக்கும் ஒரே பென்டிரைவ் போய்வரும். அப்டேட் இல்லாத ஒரு மெஷின் பக்கத்து அறைக்காரரையும் சேர்த்து மாட்டிவிடும்.

எப்போது மாறுவது? செமஸ்டர் தேர்வோ ப்ராஜெக்ட் ரிவ்யூவோ நெருங்கும் நேரத்தில் தொடவே தொடாதீர்கள். கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் உட்காருங்கள். இன்னொன்று, இது உங்கள் சொந்த லேப்டாப்புக்கான விளக்கம். லேபில் இருப்பதும் துறை கொடுத்ததும் சிஸ்டம் அட்மின் பொறுப்பு, அவற்றில் கை வைக்க வேண்டாம்.

1. உங்கள் லேப்டாப் தாங்குமா?

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபௌட் என்று போங்கள். ப்ராசசர் பெயர் தெரியும். இன்டெல் என்றால் கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை, அதிகாரபூர்வமாக ஏறாது. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை, ஏறும். ஏஎம்டி ரைசனில் பொதுவாக 2000 வரிசையிலிருந்து கணக்கு, ஆனால் அதிலும் சில மாடல்கள் பட்டியலில் இல்லை. அதனால் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் 'பிசி ஹெல்த் செக்' செயலியை ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்லது. ரேம் 4 ஜிபி, டிஸ்க் 64 ஜிபி என்பது குறைந்தபட்ச விதி. நடைமுறையில் 8 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் இல்லாவிட்டால் நிம்மதியாக வேலை செய்ய முடியாது.

ப்ராசசர் சரியாக இருந்தும் டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்) இல்லை என்று வந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் அது பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் மெஷினில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்ற பெயரில் தேடுங்கள். ஆனால் பயாஸுக்குள் போகும் முன் அடுத்த படியை முடித்துவிடுங்கள்.

2. பிட்லாக்கர் ரெக்கவரி கீ

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் பல புதிய லேப்டாப்களில், நாம் கேட்காமலேயே பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதியால் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். ஹோம் பதிப்பில் இதற்கு 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்று பெயர். அன்றாடம் அது இருப்பதே தெரியாது. பயாஸில் டிபிஎம் அல்லது 'செக்யூர் பூட்' (ஆன் ஆகும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் வசதி) அமைப்பை மாற்றினால், அடுத்த முறை ஆன் செய்யும்போது நீலத் திரையில் ரெக்கவரி கீ எனும் 48 இலக்க எண் கேட்கும். அந்த எண் இல்லையென்றால் உள்ளே இருக்கும் எதையும் யாராலும் மீட்க முடியாது, சர்வீஸ் சென்டராலும் முடியாது.

அந்த எண் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், டிவைசஸ் பகுதியில் இருக்கும். கல்லூரி மெயில் ஐடியால் லேப்டாப்பில் நுழைந்தவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அவர்களின் எண் கல்லூரிக் கணக்கில் பதிவாகியிருக்கலாம். படிப்பு முடிந்து கல்லூரி அந்த ஐடியை மூடினால் எண்ணும் கையை விட்டுப் போய்விடும். இப்போதே ஒரு தாளில் எழுதி, சர்டிஃபிகேட் ஃபைலில் வைத்துவிடுங்கள். போனிலும் ஒரு படம் இருக்கட்டும்.

3. பேக்கப்

ப்ராஜெக்ட், தீசிஸ், ரெக்கார்ட், போட்டோ எல்லாவற்றையும் வெளி ஹார்ட்டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ஒன்டிரைவ் கோப்புறையில் மேகக் குறி இருக்கும் ஃபைல்கள் உண்மையில் உங்கள் டிஸ்க்கில் இல்லை. அந்தக் கோப்புறைமேல் ரைட் கிளிக் செய்து, 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்து, முழுதாக இறங்கிய பிறகு காப்பி எடுங்கள். மேட்லேப், ஆட்டோகேட் போன்றவை கல்லூரி லைசென்ஸில் ஓடினால், எந்தக் கணக்கில் எடுத்தீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

4. இறக்குவது

செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட்டைத் திறந்தால், தகுதியுள்ள மெஷினில் விண்டோஸ் 11 அங்கேயே காத்திருக்கும். ஒருவருக்கு மட்டும் என்றால் அதை அழுத்தினால் போதும்.

அறையில் நான்கு பேரும் மாறப்போகிறீர்கள் என்றால், நான்கு முறை ஹாஸ்டல் நெட்டை இழுக்க வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' எடுத்து, 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்கள். பென்டிரைவில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும், காலியானதைக் கொடுங்கள். மொழி கேட்கும் இடத்தில் கவனம் வேண்டும். உங்கள் விண்டோஸ் அமெரிக்க ஆங்கிலமா, பிரிட்டன் ஆங்கிலமா என்று செட்டிங்ஸில் பார்த்து அதையே தேர்ந்தெடுங்கள். மாறிப்போனால், செயலிகளை அப்படியே வைத்துக்கொள்ளும் வாய்ப்பு பிறகு வராது.

ஏற்கெனவே ஒரிஜினல் விண்டோஸ் 10 இருந்தால் இதற்குப் பைசா செலவில்லை. கீ வாங்கித் தருகிறேன், கிராக் போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் லேப்டாப்பைக் கொடுக்காதீர்கள். அந்த ஆக்டிவேட்டர்களோடு பாஸ்வேர்டு திருடும் மால்வேரும் சேர்ந்தே வருவதுண்டு.

5. ஏற்றுவது

சார்ஜரைச் செருகுங்கள். சி டிரைவில் 30 ஜிபியாவது காலி இருக்கட்டும். விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே பென்டிரைவைத் திறந்து 'செட்டப்' ஃபைலை டபுள் கிளிக் செய்யுங்கள். பென்டிரைவிலிருந்து பூட் செய்யாதீர்கள், அது எல்லாவற்றையும் புதிதாகப் போடும் வழி. 'கீப் பர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' என்பதில் டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இன்ஸ்டால் கொடுங்கள். பலமுறை ரீஸ்டார்ட் ஆகும், ஒரே சதவீதத்தில் வெகுநேரம் நிற்கும். பவர் பட்டனைத் தொடாமல் மெஸ்ஸுக்குப் போய் வாருங்கள்.

6. ஏறிய பிறகு

முதலில் விண்டோஸ் அப்டேட்டை ஓட்டி டிரைவர்களை முழுதாக இறக்குங்கள். வளாக வைஃபை இணையவில்லை என்றால், அந்த நெட்வொர்க்கை 'ஃபர்கெட்' செய்துவிட்டு ஐடி, பாஸ்வேர்டை மறுபடி கொடுங்கள். உங்கள் கல்லூரி லேப்டாப்பின் மேக் அட்ரஸை (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்ணை) பதிவு செய்து அனுமதிக்கும் இடம் என்றால், வைஃபை செட்டிங்ஸில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரசஸ்' அணைந்திருக்க வேண்டும். கல்லூரி வழியாக எஜுகேஷன் பதிப்பு போட்டவர்களுக்கு இன்னொரு சிக்கல் வரலாம். விண்டோஸ் 11-இன் 22எச்2 வெளியீடு முதல் அதில் லாகின் விவரங்களைத் திருட்டிலிருந்து காக்கும் 'கிரெடென்ஷியல் கார்டு' தானாகவே இயங்கும். விண்டோஸ் லாகினையே வைஃபைக்கும் அனுப்பும் பழைய முறை அதனால் நின்றுவிடும், பாஸ்வேர்டைக் கையால் அடிக்க வேண்டியிருக்கும்.

பிறகு உங்கள் பாடத்துக்கான ஒவ்வொரு மென்பொருளையும் திறந்து, ஒரு பழைய ஃபைலை ஓட்டிப் பாருங்கள். தமிழ்99 விசைப்பலகையும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்றும் பாருங்கள். எதுவும் ஒத்துவரவில்லையா? செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதியில் உள்ள 'கோ பேக்' பழைய விண்டோஸுக்கே கொண்டுபோகும். அதற்கு 10 நாள்தான் அவகாசம். அதுவரை 'விண்டோஸ்.ஓல்டு' கோப்புறையை இடம் அடைக்கிறது என்று அழிக்காதீர்கள்.

முதல் படியிலேயே தகுதியில்லை என்று வந்தவர்கள் விதியை ஏமாற்றி ஏற்றும் வீடியோக்களை நம்ப வேண்டாம். விண்டோஸ் 10-க்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை ஓட்டலாம். பழைய 4 ஜிபி மெஷினுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என் தேர்வு. புரோகிராமிங், லிப்ரே ஆஃபீஸ், இணையம் மட்டும் போதும் என்பவர்களுக்கு அது தாராளம்.