தானே விழித்துக்கொண்ட தொலைக்காட்சி

யாழ்ப்பாணத்துக் குருநகரில் எங்கள் வீடு கடனீரேரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாரி தொடங்கியதும் தொலைக்காட்சி நள்ளிரவில் தானாகவே இயங்கத் தொடங்கியது. அம்மம்மா ஒவ்வொரு முறையும் பதறி எழுந்துவிடுவார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

முதலில் ரிமோட்டைச் சந்தேகித்தேன். பொத்தான் ஏதும் சிக்கியிருந்தால், கைத்தொலைபேசிக் கமராவில் அதன் முனை மினுங்கும். அகச்சிவப்பு ஒளி கண்ணுக்குத்தான் தெரியாது. மினுங்கவில்லை. பற்றரியைக் கழற்றியும் பயனில்லை. இணைத்த பெட்டியும் தொலைக்காட்சியை எழுப்பக்கூடும் என்பதால் எச்டிஎம்ஐ கேபிளையும் பிடுங்கினேன். அன்றிரவும் விழித்துக்கொண்டது.

மிஞ்சியது கீழ்விளிம்புப் பொத்தான்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுப் பின்மூடியைத் திறந்தேன். மின்வழங்கிப் பலகையில் மட்டும் தயவுசெய்து கைவைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றிய பின்பும் அங்கே மின்னூட்டம் தங்கியிருக்கும்.

பொத்தான் பலகையைத் தனியே எடுத்துப் பார்த்தால், பவர் சுவிட்சின் நான்கு கால்களிலும் பச்சைக் களிம்பு. உப்புக்காற்றின் வேலை! அழுத்தாதபோது அதனூடாக மின்சாரம் கடக்கவே கூடாது. மின்தடையை அளக்கும் மல்ரிமீற்றரோ சில கிலோ ஓம் மட்டுமே காட்டியது; அதாவது களிம்பினூடாக மின்சாரம் கசிந்திருக்கிறது. யாரோ மெதுவாக அழுத்துவதாகவே தொலைக்காட்சி எண்ணியிருக்கிறது.

அதே அளவில் புதிய சுவிட்ச் ஒன்றை ஈயத்தால் பற்றவைத்தேன். மூன்று வாரமாகிறது, அம்மம்மா விடியும்வரை உறங்குகிறார்.