கேம் ஆட 4கே டிவி வாங்கலாமா? முதல்ல ஹால்ல டைல்ஸ எண்ணுங்க

தம்பி பிஎஸ்5 கேம் கன்சோல் வாங்கினதுல இருந்து வீட்ல ஒரே பேச்சுதான், "அண்ணா, 4கே டிவி எடுத்துரலாம்"னு. எங்களுது வேளச்சேரில ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட், ஹால்ல 43 இன்ச் ஃபுல் எச்டி டிவி நல்லாவே ஓடிட்டு இருக்கு, அத மாத்தணுமா வேணாமான்னு ரெண்டு வாரம் அலசினதுல தெரிஞ்சுகிட்டத வரிசையா சொல்றேன். கடைக்குப் போறதுக்கு முன்னாடியே பாதி முடிவு வீட்லயே எடுத்துடலாம்.

ஸ்டெப் 1: உங்க மெஷின் என்ன அனுப்புதுன்னு பாருங்க

சாதா பிஎஸ்4 1080பி-க்கு, அதாவது ஃபுல் எச்டிக்கு மேல அனுப்பாது, பழைய நின்டெண்டோ ஸ்விட்ச்சும் அப்படித்தான். இதுங்க மட்டும் இருந்தா டிவிய மாத்த வேண்டாம், இங்கயே நிறுத்திக்கலாம். பிஎஸ்4 ப்ரோ, பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் 4கே அனுப்பும். பிசின்னா கிராஃபிக்ஸ் கார்டத்தான் யோசிக்கணும், ஏன்னா ஃபுல் எச்டில சுமார் 21 லட்சம் பிக்சல், 4கேல சுமார் 83 லட்சம், அதாவது கார்டுக்கு நாலு மடங்கு வேலை.

ஸ்டெப் 2: தூரத்த அளங்க

எல்லாரும் விட்டுடுற ஸ்டெப் இதுதான், ஆனா எங்க வீட்ல முடிவையே மாத்துனது இதுதான். நல்ல கண்பார்வை இருக்கறவங்களுக்குக் கூட ஒரு தூரத்துக்கு மேல போனா பிக்சல் தனித்தனியா தெரியாது, அப்புறம் ஃபுல் எச்டியும் 4கேயும் கண்ணுக்கு ஒண்ணுதான். கணக்கு சுலபம்: டிவி இன்ச்ச 0.13ஆல பெருக்குங்க, வர்றது அடி. 43 இன்ச்சுக்கு அஞ்சரை அடி, 55க்கு ஏழு அடி, 65க்கு எட்டரை அடி, கிட்டத்தட்ட. அந்த தூரத்துக்குள்ள உக்காந்தாத்தான் 4கேயோட வித்தியாசம் தெரியும்.

டேப் இல்லன்னா டைல்ஸ எண்ணுங்க, நிறைய ஃப்ளாட்ல ரெண்டுக்கு ரெண்டு அடி டைல்ஸ்தான் போட்டிருப்பாங்க. எங்க சோஃபால இருந்து டிவி வரைக்கும் நாலரை டைல்ஸ், ஒன்பது அடி. அந்த சோஃபால உக்காந்து பாக்க 43 இன்ச் 4கே வாங்கியிருந்தா காசு முழுக்க தண்டம், 55ம் பத்தாது. ஆனா தம்பி சோஃபால உக்கார மாட்டான், சேர இழுத்துப் போட்டு ஆறடில உக்காந்துதான் ஆடுவான், அதனால 55ன்னு முடிவாச்சு. ஆடுறவங்க நிஜமா எங்க உக்கார்றாங்களோ அங்கிருந்து அளங்க.

ஸ்டெப் 3: ஹெர்ட்ஸ், போர்ட், எச்டிஆர்

என்னைக் கேட்டா பிக்சல விட இதெல்லாம்தான் முக்கியம். ஹெர்ட்ஸ்னா ஸ்க்ரீன் ஒரு செகண்டுக்கு எத்தன தடவ படத்த மாத்துதுங்கறது. 60 ஹெர்ட்ஸ்ல ஒரு ஃப்ரேம், அதாவது ஒரு படம், 16.7 மில்லிசெகண்ட் நிக்கும், 120ல 8.3தான், பட்டன் அமுக்கின உடனே ஆள் திரும்பற அந்த உணர்வு இங்கதான் வருது. பெட்டில "மோஷன் ரேட் 120"ன்னு போட்டிருந்தா நம்பிடாதீங்க, உள்ள பேனல் 60 ஹெர்ட்ஸா இருக்கலாம். "பேனலோட நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட் எவ்ளோ? 4கே 120 ஹெர்ட்ஸ்ல எந்த எச்டிஎம்ஐ போர்ட்ல வரும்?"னு நேரா கேளுங்க. நாலு போர்ட்ல ரெண்டுல மட்டும் வர்ற டிவி நிறைய இருக்கு, அதுலயும் ஒண்ணு சவுண்ட்பாருக்குப் போற போர்ட்டா இருந்தா ரெண்டு கன்சோல் வெச்சிருக்கறவங்களுக்கு சிக்கல். எச்டிஆர்னா வெளிச்சமும் இருட்டும் நல்லா பிரிஞ்சு தெரியற வசதி, ஆனா அந்த ஸ்டிக்கர் மட்டும் இருந்தா போதாது, பேனலுக்கு வெளிச்சம் பத்தலன்னா படம் மங்கலாத்தான் இருக்கும்.

ஸ்டெப் 4: கடைல பாக்குறப்போ

ஷோரூம்ல ஓடுற டெமோ வீடியோவ வெச்சு முடிவு பண்ணாதீங்க, பளிச்னு தெரியறதுக்காகவே எடுத்தது அது. செட்டிங்ஸ்ல கேம் மோட், அதாவது பட்டன் அமுக்கினதுக்கும் ஸ்க்ரீன்ல தெரியறதுக்கும் நடுவுல வர்ற தாமதத்த குறைக்கற மோட், போடச் சொல்லுங்க. உங்க கேபிள் டிவி இல்ல டிஷ்ல வர்ற சாதா எஸ்டி சேனல் ஒண்ணையும் போடச் சொல்லுங்க, ஏன்னா பெரிய 4கே ஸ்க்ரீன்ல எஸ்டி சேனல் இன்னும் கலங்கலாத் தெரியும், ராத்திரி சீரியல் பாக்குற அம்மாவுக்கு அது ரொம்ப முக்கியம். விலை பாக்குறப்போ ஒண்ணு, 2025 செப்டம்பர் 22ல இருந்து 32 இன்ச்சுக்கு மேல உள்ள டிவிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்துல இருந்து 18 ஆயிடுச்சு, அதனால பழைய ரிவ்யூல இருக்கற விலைய வெச்சு பேரம் பேசாதீங்க.

ஸ்டெப் 5: வீட்டுக்கு வந்ததும்

கன்சோலோட பெட்டில வந்த கேபிளயே போடுங்க, பழைய கேபிள்ல 4கே 120 வராம போகலாம். டிவி செட்டிங்ஸ்ல அந்த போர்ட்டோட சிக்னல் ஃபார்மட்ட மேம்பட்டதுக்கு மாத்துங்க, ஒவ்வொரு கம்பெனியும் அதுக்கு ஒரு பேர் வெச்சிருப்பாங்க. பிஎஸ்5ல ஸ்க்ரீன் அண்ட் வீடியோ உள்ள போனா இப்ப என்ன ரெசல்யூஷன் போகுதுன்னு காட்டும், அத பாத்து உறுதி பண்ணிக்கோங்க. கேம் மோட கன்சோல் போர்ட்ல மட்டும் போடுங்க, பெரும்பாலான டிவில போர்ட்டுக்குப் போர்ட் பிக்சர் மோட் தனியா நிக்கும், அம்மா பாக்குற செட்டாப் பாக்ஸ் போர்ட் பழையபடியே இருக்கும்.