டெய்ரி சில்லரின் வீண் சூட்டை ஹீட் பம்பால் வெந்நீராக்குவது எப்படி

பால் ஆலைக்கு எனர்ஜி ஆடிட் செய்யப் போனால் நான் முதலில் ஏறுவது மொட்டை மாடிக்குத்தான். கூலிங் டவர் அங்கேதான் இருக்கும். அம்மோனியா சில்லர் பாலிலிருந்து எடுத்த சூடெல்லாம் 35 டிகிரித் தண்ணீராக வந்து அங்கே காற்றோடு போகும். கீழே பாய்லர் எரிந்துகொண்டு, குழாய் கழுவ 80 டிகிரி வெந்நீர் தரும். இரண்டுக்கும் நடுவில் ஹீட் பம்ப் (குறைந்த டிகிரிச் சூட்டைக் கரண்டால் அதிக டிகிரிக்கு ஏற்றும் மெஷின்) வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றும். விற்பவரைக் கூப்பிடுவதற்கு முன் கணக்கைப் போடுங்கள்.

வெந்நீர் லைனில் மீட்டர் மாட்டி ஒரு வாரம் பாருங்கள். பாஸ்டரைசரைச் சேர்க்க வேண்டாம்; அதன் ரீஜெனரேஷன் பகுதியே (சூடான பாலின் சூட்டை உள்ளே வரும் குளிர்ந்த பாலுக்கு மாற்றும் இடம்) 90 சதவீதம் அளவுக்குச் சூட்டைத் திருப்பிக்கொள்கிறது. சி.ஐ.பி.யும் (குழாய், டேங்குகளைக் கழற்றாமலே உள்ளே கழுவுவது) பால் பாக்கெட் கிரேட் கழுவலும்தான் நமக்கு வேண்டியவை. நாளுக்கு 20,000 லிட்டரை 30 டிகிரியிலிருந்து 80க்கு ஏற்ற 10 லட்சம் கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் என்பது 860 கிலோகலோரி; அதால் வகுத்தால் சுமார் 1,160 யூனிட் வெப்பம். இன்சுலேஷன் செய்த டேங்க் ஒன்று வைத்து 16 மணி நேரத்துக்குப் பரப்பினால் 73 கிலோவாட் மெஷின் போதும். டேங்க் இல்லையென்றால் சி.ஐ.பி. ஒரேயடியாக இழுக்கும் வேகத்துக்கு மெஷின் வாங்க வேண்டிவரும். விலை எங்கேயோ போய்விடும். டேங்க் இருந்தால் மின்வாரியத்தின் பீக் ஹவர் கட்டணத்திலும் தப்பிக்கலாம்.

எத்தனை டிகிரி ஏற்றுகிறோம் என்பதில்தான் லாபமே இருக்கிறது. உள்ளே கேஸ் 27 டிகிரியில் ஆவியாகி 85ல் திரவமாகிறது என்று வையுங்கள். 85ஐ கெல்வினில் 358 என்று எடுத்து, வித்தியாசமான 58ஆல் வகுத்தால் 6.2. ஒரு யூனிட் கரண்டுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்சச் சூடு இது. நடைமுறையில் அதில் பாதி, அதாவது 3.1 தான் கிடைக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரு யூனிட் கரண்டுக்கு 3.1 யூனிட் சூடு; இந்த விகிதம்தான் சி.ஓ.பி. கிரேட் கழுவ 65 டிகிரி போதுமென்றால் அதே கணக்கு 4ஐ எட்டும். ஆகவே எல்லாவற்றையும் 80க்கு ஏற்றாதீர்கள். இரண்டு டேங்க் வைத்துப் பிரியுங்கள். 80க்கு மேல் வேண்டிய இடங்களைப் பாய்லரிடமே விட்டுவிடுங்கள்.

அதற்கும் முன்னால், சில்லரின் கம்ப்ரசரிலிருந்து கேஸ் வெளியேறும் டிஸ்சார்ஜ் லைனில் டீசூப்பர்ஹீட்டர் (அந்த கேஸின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் எக்ஸ்சேஞ்சர்) போட இடமிருக்கிறதா பாருங்கள். அந்த கேஸ் கண்டென்சருக்குப் போகும் முன்பே நல்ல சூட்டில் இருக்கும். கரண்டே இல்லாமல் தண்ணீர் 50 டிகிரி வரை வந்துவிட்டால், சுமையில் ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தது. ஆனால் கார்பன் டை ஆக்சைடு ஹீட் பம்ப் வாங்கும் எண்ணம் இருந்தால் இது ஒத்துவராது. அதற்குள் போகும் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும்.

அப்புறம் எரிபொருள். கரண்ட் 8 ரூபாய் என்றால் ஒரு யூனிட் சூடு 2.60 ரூபாய். ஃபர்னஸ் ஆயில் கிலோ 50 ரூபாய்க்கு வாங்குபவருக்கு அதே சூடு 5 ரூபாய்க்கு மேல். அவர் யோசிக்கவே வேண்டாம். பிரிக்கெட்டை (விவசாயக் கழிவை அழுத்திச் செய்த எரிகட்டி) கிலோ 8 ரூபாய்க்கு வாங்குபவருக்கு 2.50 ரூபாய்தான் ஆகும். அவரிடம் சொந்தக் காற்றாலையோ சோலாரோ இல்லையென்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கூலிங் டவர் தண்ணீரை நேரே ஹீட் பம்பின் எவாபரேட்டருக்குள் (கேஸ் சூட்டை வாங்கி ஆவியாகும் பகுதி) விடாதீர்கள். போர் தண்ணீர் உப்பு படிந்து ஒரு கோடையிலேயே அடைத்துவிடும். கழற்றிக் கழுவக்கூடிய பிளேட் எக்ஸ்சேஞ்சர் நடுவில் இருக்கட்டும்.

ஆர்டரில் சி.ஓ.பி.யை உங்கள் ஆலையின் டிகிரிகளிலேயே எழுதி வாங்குங்கள், கேட்டலாக் டிகிரிகளில் வேண்டாம். தனி கரண்ட் மீட்டர், ஃப்ளோ மீட்டர், தண்ணீர் உள்ளே வரும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் தெர்மாமீட்டர் எல்லாம் அவர்கள் செலவில். ஒரு மாத ரீடிங் வந்த பிறகுதான் கடைசித் தவணை.