எத்தனை மடங்கு, எத்தனை சதவீதம்: ஆங்கிலத்தில் எண்களை ஒப்பிட்டு எழுதும் முறை

‘பிக், பிக்கர், பிக்கெஸ்ட்’ என்று பள்ளியில் மனப்பாடமாக ஒப்பித்தவர்கள்கூட, ஒப்பீட்டுக்குள் ஓர் எண் வந்துவிட்டால் தடுமாறுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு இலக்கணத்தில் இல்லை. எதை அடிப்படையாக வைத்து ஒப்பிடுகிறோம் என்று முடிவு செய்யாமலே வாக்கியத்தைத் தொடங்கிவிடுகிறோம். ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வில் வரைபடத்தை விவரித்து எழுதுபவருக்கும், அலுவலகத்தில் மாத அறிக்கை தயாரிப்பவருக்கும் இதே சிக்கல்தான்.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். முதலில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பிறகு ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள்.

படி 1: அடிப்படையைக் குறித்துக்கொள்ளுங்கள்

தமிழ்நாட்டின் பரப்பு 1,30,058 சதுர கிலோமீட்டர். இலங்கையின் பரப்பு 65,610. பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஏறத்தாழ 2. இலங்கையை அடிப்படையாகக் கொண்டால் ‘இரு மடங்கு’ என்று எழுத வேண்டும். தமிழ்நாட்டை அடிப்படையாகக் கொண்டால் ‘பாதி’. தமிழில் அடிப்படையோடு ‘விட’ என்ற சொல் ஒட்டிக்கொள்வதால், அதை வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை கிடையாது. அடிப்படை கடைசியில்தான் வரும்.

படி 2: பெரியதைச் சொல்ல ‘ஆஸ் … ஆஸ்’

வரிசை இது: மடங்கு, ‘ஆஸ்’, பண்புச்சொல், மறுபடியும் ‘ஆஸ்’, கடைசியில் அடிப்படை.

‘தமிழ்நாடு இஸ் அபவுட் ட்வைஸ் ஆஸ் லார்ஜ் ஆஸ் ஸ்ரீலங்கா.’

கேரளத்தின் பரப்பு சுமார் 38,860 சதுர கிலோமீட்டர். ஆகவே, ‘தமிழ்நாடு இஸ் மோர் தேன் த்ரீ டைம்ஸ் ஆஸ் லார்ஜ் ஆஸ் கேரளா.’

எண்ணக்கூடிய பொருளாக இருந்தால் ‘ஆஸ் மெனி’ வரும். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள், கேரளத்தில் 14: ‘தமிழ்நாடு ஹேஸ் நியர்லி த்ரீ டைம்ஸ் ஆஸ் மெனி டிஸ்ட்ரிக்ட்ஸ் ஆஸ் கேரளா.’ பணம், நீர், நேரம் போன்றவற்றுக்கு ‘ஆஸ் மச்’.

‘நியர்லி’ என்றால் அந்த எண்ணை இன்னும் எட்டவில்லை. ‘மோர் தேன்’ என்றால் தாண்டிவிட்டது. ‘அபவுட்’ இரண்டுக்கும் பொது. மூன்றுமே மடங்குக்கு முன்னால்தான் நிற்கும். 38-ஐ 14-ஆல் வகுத்தால் 2.7 என்பதால்தான் மேலே ‘நியர்லி’ வந்தது.

‘த்ரீ டைம்ஸ் லார்ஜர் தேன்’ என்று எழுதினால் என்ன என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே நாள்தோறும் அப்படி எழுதுகிறார்கள்; தவறு என்று அடித்துவிட முடியாது. ஆனால் 100 ரூபாய்ப் பொருளின் விலை ‘மூன்று மடங்கு அதிகம்’ என்றால் 300 ரூபாயா, 100-உடன் 300 சேர்ந்து 400 ரூபாயா? தமிழிலும் இதே குழப்பம் உண்டு. ‘ஆஸ் … ஆஸ்’ அமைப்பில் இந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டு அதையே பரிந்துரைப்பேன்.

படி 3: சிறியதைச் சொல்லப் பின்னம்

‘கேரளா இஸ் த்ரீ டைம்ஸ் ஸ்மாலர்’ என்பதைக் கைவிடுங்கள். ஒரு பொருளிலிருந்து ஒரு மடங்கைக் கழித்தாலே மிச்சம் பூஜ்யம். மூன்று மடங்கைக் கழித்தால் என்ன ஆவது? இங்கே மடங்குக்கு வேலை இல்லை. அரை, மூன்றில் ஒன்று, கால் ஆகியவைதான் பொருந்தும்.

‘கேரளா இஸ் லெஸ் தேன் எ தேர்ட் ஆஃப் தி சைஸ் ஆஃப் தமிழ்நாடு.’

விளம்பரங்களில் வரும் ‘ஃபைவ் டைம்ஸ் சீப்பர்’ என்பதும் இதே ரகம். ‘எ ஃபிஃப்த் ஆஃப் தி ப்ரைஸ்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

படி 4: ஒரே இனத்தோடு ஒப்பிடுங்கள்

‘தமிழ்நாட்டின் மக்கள்தொகை கேரளத்தைவிட அதிகம்’ என்பது தமிழில் இயல்பான வாக்கியம். அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் மக்கள்தொகையை ஒரு மாநிலத்தோடு ஒப்பிட்டதாகிவிடும். மக்கள்தொகைக்கு எதிரே மக்கள்தொகைதான் நிற்க வேண்டும். அதற்காக வருவதுதான் ‘தட் ஆஃப்’.

‘தி பாப்புலேஷன் ஆஃப் தமிழ்நாடு இஸ் லார்ஜர் தேன் தட் ஆஃப் கேரளா.’

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை சுமார் 7.21 கோடி, கேரளத்தினுடையது 3.34 கோடி. மடங்கோடு சொன்னால், ‘மோர் தேன் ட்வைஸ் தட் ஆஃப் கேரளா’. பன்மையாக இருந்தால் ‘தோஸ் ஆஃப்’.

படி 5: சதவீதம் வேறு, சதவீதப் புள்ளி வேறு

அதிகம் சறுக்கும் இடம் இது. செய்தியாளர்களும் சறுக்குகிறார்கள்.

2025 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டி விகிதத்தை 6.50 சதவீதத்திலிருந்து 6.25 சதவீதமாகக் குறைத்தது. இதை ‘ஃபெல் பை 0.25 பர்சன்ட்’ என்று எழுதினால், 6.50-இல் 0.25 சதவீதம் குறைந்ததாகப் பொருள். அதாவது விகிதம் 6.48-க்கு வந்தது என்றாகும். சரியான வடிவம்: ‘ஃபெல் பை 0.25 பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்’. வங்கித் துறையினர் ‘25 பேசிஸ் பாயின்ட்ஸ்’ என்பார்கள். நூறு பேசிஸ் பாயின்ட் சேர்ந்தால் ஒரு சதவீதப் புள்ளி. உண்மையிலேயே சதவீதத்தில் சொல்வதானால் 0.25-ஐ 6.50-ஆல் வகுக்க வேண்டும். வீழ்ச்சி ஏறக்குறைய 4 சதவீதம் வரும்.

எனவே, ஒப்பிடும் இரண்டு எண்களுமே சதவீதங்களாக இருந்தால், அவற்றின் வித்தியாசத்தைச் சதவீதப் புள்ளியில் எழுதுங்கள்.

‘பை’, ‘டு’ என்ற இரு சிறு சொற்களையும் இங்கேயே பார்த்துவிடலாம். ‘பை’ வித்தியாசத்தைச் சொல்லும். ‘டு’ போய்ச் சேர்ந்த இடத்தைச் சொல்லும். 50 ரூபாய் 150 ரூபாயானால், ‘ரோஸ் பை 100 ருப்பீஸ்’, ‘ரோஸ் டு 150 ருப்பீஸ்’. சதவீதத்தில் இது ‘ரோஸ் பை 200 பர்சன்ட்’. உயர்வு 200 சதவீதம், விலையோ மும்மடங்கு. அவசரத்தில் பலர் இதை 300 என்று எழுதிவிடுகிறார்கள்.

படி 6: ‘ஃப்யூவர்’, ‘லெஸ்’

இரண்டுக்கும் பொருள் ‘குறைவு’தான். எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃப்யூவர்’, அளக்கக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’. ரூபாய், கிலோமீட்டர், மணி நேரம் ஆகியவற்றை எண்ண முடிந்தாலும் அவை அளவுகளே. ‘லெஸ் தேன் 500 ருப்பீஸ்’ என்பதுதான் வழக்கு.

படி 7: கோடியா, மில்லியனா?

இந்திய வாசகருக்கு எழுதும்போது ‘லாக்’, ‘குரோர்’ போதும். வெளிநாட்டவருக்கு எழுதினால் மாற்ற வேண்டும்: பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன். தமிழ்நாட்டின் மக்கள்தொகை 2001-இல் 6.24 கோடி, 2011-இல் 7.21 கோடி. ‘தி பாப்புலேஷன் ரோஸ் ஃப்ரம் 62.4 மில்லியன் டு 72.1 மில்லியன், ஆன் இன்க்ரீஸ் ஆஃப் 15.6 பர்சன்ட்.’ ஒரே கட்டுரையில் ஓரிடத்தில் கோடியும் இன்னோரிடத்தில் மில்லியனும் வரக் கூடாது. காற்புள்ளியையும் கவனியுங்கள்: நாம் 1,30,058 என்று எழுதுவதை அவர்கள் 130,058 என்று எழுதுவார்கள்.