பழைய பைக்குக்கு கிளீனர் வாங்கும் முன் ஒரு டீஸ்பூன் ஆயில்

ஏற்காடு ஏற்றத்தில் முக்கும் பழைய பைக்குக்கு, பெட்ரோல் டேங்கில் ஊற்றும் கிளீனர் வாங்கும் முன், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையில் 5 மி.லி. இன்ஜின் ஆயில் விடுங்கள். சாவி ஆஃபில் இருக்க, நாலைந்து கிக் கொடுத்து ஆயிலைப் பரவவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திருகிப் பிடித்து பிளக் ஓட்டையில் மாட்டும் கேஜில் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பாருங்கள். ஆயில் விடுமுன் எடுத்த அளவும் கையில் இருக்க வேண்டும்.

ஆயில், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளியைத் தற்காலிகமாக அடைக்கும். அளவு நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கில். கரியில் ஒட்டியிருக்கலாம், தேய்ந்தும் இருக்கலாம். டேங்கில் ஊற்றும் கிளீனர் கார்புரேட்டரைக் கழுவும், ரிங் பள்ளத்துக்குப் போகாது. ரிங் கரியில் ஒட்டியிருந்தால், பிளக் ஓட்டை வழியாக கார்பன் கிளீனர் விட்டு இரவு முழுக்க ஊறவைப்பதே பலன் தரும். காலையில் பிளக் மாட்டாமல் கிக் அடித்து மிச்சத்தை வெளியேற்றுங்கள். ஓட்டைக்கு நேரே முகம் வேண்டாம். கிளீனர் கீழே கசிந்து இன்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்யும், ஆகவே ஆயில் மாற்றாமல் ஓட்டவே கூடாது.

முதலில் குறைவாக இருந்த அளவு ஆயில் விட்டும் ஏறவில்லையா? பெரும்பாலும் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது ஹெட் கேஸ்கெட் (சிலிண்டருக்கும் அதன் மேல்மூடிக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கிறது. கிளீனர் செலவு வீண். முதலில் டாப்பெட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் உள்ள இடைவெளியை, மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

ஸ்பிளெண்டர் போல சிலிண்டர் படுத்திருக்கும் வண்டியில் ஆயில் ஒரு பக்கமே தேங்குவதால் இந்தச் சோதனையை நம்ப முடியாது.