வினைல் தரையும் அடியில் போடும் பிளைவுட்டும்: வந்த சரக்கைத் தரம் பார்ப்பது எப்படி?

வினைல் தரை மிக மெல்லியது. பசை போட்டு ஒட்டும் வகை பெரும்பாலும் 2 முதல் 3 மி.மீ. கனம்தான். அடியில் இருக்கும் பிளைவுட்டில் ஒரு பள்ளமோ துளையோ இருந்தால், நடமாட்டம் கூடக் கூட அது மேலே தெரியத் தொடங்கும். அதனால் இரண்டையும் ஒரே வேலையாகப் பார்க்கப் பழகுங்கள். புதிதாகச் செய்பவர்கள் பளபளப்பான முகப்பிலேயே நேரத்தைச் செலவழிக்கிறார்கள். அந்த நேரத்தில் பாதியை விளிம்புக்குக் கொடுங்கள்.

படி 1: எத்தனை ஷீட் பார்ப்பது?

எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்காக மேலே இருக்கும் நாலைந்தை மட்டும் பார்ப்பதும் சரியில்லை. ஐஎஸ்ஓ 2859-1 என்ற மாதிரி எடுக்கும் முறை இதற்கென்றே இருக்கிறது. 400 ஷீட் வந்திருந்தால், அதன் பொது நிலை 2 அட்டவணைப்படி 50 ஷீட் எடுக்க வேண்டும். ஏற்புத் தர வரம்பு (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று விற்பவரோடு பேசி வைக்கும் எண், ஏக்யூஎல்) 2.5 என்று பேசியிருந்தால், அந்த 50-இல் குறையுள்ளவை 3 வரை இருக்கலாம். 4 ஆனால் வந்த சரக்கு முழுவதையுமே திருப்பலாம். மாதிரியை அடுக்கின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் கலந்து எடுங்கள். ஈரம் ஏறியது பெரும்பாலும் அடியில்தான் இருக்கும்.

படி 2: பிளைவுட்டின் எழுத்தைப் படியுங்கள்

அமெரிக்க முறையில் ஏ, பி, சி, டி என்று முகப்புக்கு ஒரு எழுத்து, பின்பக்கத்துக்கு ஒரு எழுத்து. ஏ என்றால் வழவழப்பாகத் தேய்த்தது. டி-யில் இரண்டரை அங்குலம் வரை கணுத்துளை இருக்கலாம். ஐஎஸ்ஓ 2426 இதையே இ, 1, 2, 3, 4 என்று ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. இந்த எழுத்துகள் சொல்வது வெனீரின், அதாவது பிளைவுட்டில் அடுக்கி ஒட்டிய மெல்லிய மரத்தகட்டின் நிலையைத்தான். பசையின் தரம் வேறு முத்திரையில் இருக்கும். 'சிடிஎக்ஸ்' (முகப்பு சி, பின்பக்கம் டி) என்ற குறியில் வரும் எக்ஸைப் பார்த்து வெளிப்புறத்துக்கு ஏற்றது என்று பலர் நினைக்கிறார்கள். கட்டுமானம் நடக்கும்போது கொஞ்ச நாள் மழை வெயில் தாங்கும் என்பதுதான் அதன் பொருள்.

வினைலுக்கு அடியில் போட 'அண்டர்லேமென்ட்' என்று குறித்த, முகப்பு முழுக்கத் தேய்த்த ரகத்தைக் கேளுங்கள். இதில் முகப்புக்கு நேர் கீழே உள்ள வெனீரிலும் பெரிய துளைக்கு இடமில்லை. கூர்மையான குதிகாலோ நாற்காலிக் காலோ அழுந்தும்போது தாங்குவது அந்த இரண்டாவது வெனீர்தான்.

படி 3: விளிம்பு

ஷீட்டை நிமிர்த்தி நிறுத்தி, நான்கு பக்கமும் டார்ச் அடித்துப் பாருங்கள். கோர், அதாவது உள் அடுக்கு வெனீர்களுக்கு இடையே கருப்பாகத் தெரிவது இடைவெளி. ஒரு வெனீர் இன்னொன்றின் மேல் ஏறியிருந்தால் அந்த இடம் தடித்து, முகப்பில் மேடாகத் தெரியும். சில ஆலைகள் விளிம்பில் மட்டும் மாவு பூசி இடைவெளியை மறைப்பதுண்டு. மரத்தின் நார் ஓட்டம் இல்லாமல் ஒரே நிறத்தில் திட்டு இருந்தால் ஆணி முனையால் கீறுங்கள், உதிர்ந்துவிடும். சந்தேகம் தீரவில்லையா? ஒரு ஷீட்டை நடுவில் அறுத்துப் பாருங்கள். ஒரு ஷீட் போனாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பது தெரிந்துவிடும்.

அப்புறம் ஷீட்டைப் படுக்க வைத்து, சிறு சுத்தியலால் வரிசையாகத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான ஓசைக்கு நடுவே பொள்ளலாக ஒலித்தால், அங்கே ஒட்டு விட்டிருக்கிறது அல்லது கோர் காலியாக இருக்கிறது. சாக்பீஸால் வட்டமிடுங்கள்.

படி 4: அளவும் ஈரமும்

1220 × 2440 மி.மீ. ஷீட்டின் மூலைவிட்டம் 2728 மி.மீ. வர வேண்டும். இரண்டு மூலைவிட்டமும் ஒன்றாக இல்லாவிட்டால் ஷீட் கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது. கனத்தை நான்கு மூலையிலும் நான்கு பக்க நடுவிலும் பாருங்கள். பக்கத்துப் பக்கத்து ஷீட்டுகளின் கனம் மாறினால் இணைப்பில் படி விழும், அதை வினைல் மறைக்காது. ஈரப்பத மீட்டரில் 8 முதல் 12 சதவீதம் நல்ல நிலை. பசையின் உறுதியைக் கண்ணால் சொல்ல முடியாது. கொதிநீர்ச் சோதனை அறிக்கை கேளுங்கள். மூடிய அறை என்றால், பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு வாயுவுக்கான அறிக்கையும் வேண்டும். ஐரோப்பிய இ1 வகுப்பின் வரம்பு ஒரு கன மீட்டர் காற்றில் 0.124 மி.கிராம்.

படி 5: இப்போது வினைல்

முதலில் எல்லாப் பெட்டிகளிலும் பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரித்த சரக்கின் எண்) ஒன்றா என்று பாருங்கள். எண் மாறினால் நிறம் லேசாக மாறும்; விரித்த பிறகுதான் அது கண்ணில் படும்.

'5 மி.மீ.' என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது மொத்த கனம். தரையின் ஆயுளை முடிவு செய்வது மேலே உள்ள ஒளிபுகும் தேய்மான அடுக்கு. வீட்டுக்கு 0.3 மி.மீ., கடை, அலுவலகத்துக்கு 0.5 அல்லது 0.55 மி.மீ. வழக்கம். ஒரு துண்டின் விளிம்பைக் கூரான கத்தியால் சீவி, அளவுகோல் உள்ள உருப்பெருக்கியில் பார்த்தால் அந்த அடுக்கு தனியாகத் தெரியும். பெட்டியில் உள்ள பயன்பாட்டு வகுப்பையும் ஒப்பிடுங்கள்: 21 முதல் 23 வரை வீடு, 31 முதல் 34 வரை வணிக இடம், 41 முதல் 43 வரை இலகு தொழிற்கூடம்.

பசை இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டும் வகையானால், வெவ்வேறு பெட்டிகளிலிருந்து பத்துத் துண்டுகளை எடுத்துச் சமதளத்தில் பூட்டிப் பாருங்கள். இணைப்பின் மேல் விரல் நகத்தை ஓட்டினால் படி இருப்பது உடனே தெரியும். பூட்டின் நாக்கு உடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியின் மூலையில் அடிபட்டால் முதலில் போவது அதுதான். ஒரு துண்டைத் தனியாக ஒரு நாள் விட்டு, முனை சுருண்டு எழுகிறதா என்று கவனியுங்கள். சூட்டில் எவ்வளவு சுருங்கும் என்பதற்கு ஐஎஸ்ஓ 23999 அறிக்கை கேளுங்கள்; 80 டிகிரியில் 6 மணி நேரம் வைத்து அளப்பார்கள்.

படி 6: பதிவு

ஒட்டு விட்டது, பூட்டு உடைந்தது, பேட்ச் கலந்தது: இவை பெரிய குறை. ஓரத்துச் சிறு கீறல் சிறிய குறை. இரண்டையும் தனித்தனியாக எண்ணுங்கள். ஒவ்வொரு குறைக்கும் அளவுகோல் பக்கத்தில் வைத்து ஒரு படம், ஷீட் எண் அல்லது பேட்ச் எண் தெரிய இன்னொரு படம். வண்டி கிளம்புவதற்குள் டெலிவரி ரசீதிலேயே குறைகளை எழுதி, ஓட்டுநரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.